பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு எப்படி வந்தது? பட்ஜி வளர்ப்பவர்களுக்கு ஒரு நிறக் கணக்கு

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வாங்கி வருவது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளிதான். என்னுடைய முதல் ஜோடி இரண்டுமே பச்சை. முதல் அடையில் ஐந்து குஞ்சு, ஐந்தும் பச்சை. இரண்டாவது அடையில் பானைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், நாலு குஞ்சுக்கு இறக்கைக் குருத்து பச்சையாக முளைக்கிறது, ஒன்றுக்கு மட்டும் வெளிர் நீலம். வீட்டில் எல்லோரும் பக்கத்துக் கூண்டு நீல ஆணைத்தான் சந்தேகப்பட்டார்கள். இரண்டு கூண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி, கதவு திறந்ததே இல்லை. அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் மெண்டல் பாடம் படித்தவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும், ஆனால் அதை ஒரு கூண்டு மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் எங்கே தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று தெரியும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் நிறம் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம், இது புரிந்தால் பாதிக் கணக்கு தானாக வந்துவிடும். பட்ஜியின் இறகில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறி நீலமாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் கறுப்பு நிறமியான மெலனின் இருப்பதால் அந்த நீலம் எடுப்பாக நிற்கிறது. அதோடு ஒரு மஞ்சள் நிறமியும் சேரும்போது நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சளை எடுத்துவிட்டால் நீலப் பறவை, மெலனினை எடுத்துவிட்டால் மஞ்சள் பறவை, அதுதான் லுட்டினோ. இரண்டையும் எடுத்துவிட்டால் வெள்ளை, அது அல்பினோ. ஆஸ்திரேலியாவில் காட்டில் கூட்டங்கூட்டமாகப் பறக்கிற பட்ஜி எல்லாம் பச்சைதான், மற்ற நிறங்கள் மனிதர்கள் கூண்டில் வளர்க்க ஆரம்பித்த பிறகு பொறுக்கிப் பெருக்கியவை.

மஞ்சள் நிறமியைத் தயாரிக்க ஒரு மரபணு வேண்டும். ஒவ்வொரு பறவைக்கும் அது இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. 2017-இல் ஆராய்ச்சியாளர்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், நீலப் பறவையில் அது உருவாக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான், மஞ்சள் தயாரிப்பு நின்றுபோகிறது. ஒரு பிரதி பழுதாகி மற்றது நன்றாக இருந்தால் அந்த ஒன்றே போதுமான மஞ்சளைத் தயாரித்துவிடும், பறவை பச்சையாகவே இருக்கும். இரண்டும் பழுதானால்தான் நீலம். அதனால் பச்சை ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு. ஓங்கு என்றதும் பலமானது, அதிகமாகக் காணப்படுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று இருந்தாலே வெளியே தெரியும் என்பதுதான் அதன் பொருள். நாம் நீலத்தை மட்டும் தேடித் தேடி ஜோடி சேர்த்தால் கூண்டு முழுக்க நீலமாகிவிடும், அப்போதும் நீலம் ஒடுங்கு பண்புதான்.

இனி எழுத ஆரம்பிக்கலாம். நன்றாக இருக்கும் பிரதிக்கு 'ப', பழுதான பிரதிக்கு 'நீ' என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே வகைப் பறவைதான் வரும். பப என்றால் சுத்தப் பச்சை. பநீ என்றால் பார்க்கப் பச்சை, உள்ளே நீலம் ஒளிந்திருக்கிறது, வளர்ப்பவர்கள் இதை 'ஸ்ப்ளிட்' என்பார்கள். நீநீ என்றால் நீலம். நீலப் பறவைக்குள் பச்சை ஒளிந்திருக்க முடியாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒடுங்கு பண்பு வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பறவையின் இரண்டு எழுத்தும் நமக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். சந்தேகம் எல்லாம் பச்சையில்தான்.

இப்போது நாலு கட்டம் போடுங்கள். பன்னெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி போட்டுக் காட்டியதால் பன்னெட் கட்டம் என்பார்கள். மேலே அப்பாவின் இரண்டு எழுத்து, இடப்பக்கம் அம்மாவின் இரண்டு எழுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இருப்பதையும் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஸ்ப்ளிட்டும் ஸ்ப்ளிட்டும் சேர்ந்தால் பப, பநீ, பநீ, நீநீ என்று வரும். அதாவது ஒரு முட்டைக்கு நீலமாக இருக்க வாய்ப்பு 1/4, பச்சைக்கு 3/4. என் பச்சை ஜோடி இரண்டுமே ஸ்ப்ளிட், அதுதான் விஷயம், பக்கத்துக் கூண்டு ஆண் ஒரு பாவமும் செய்யவில்லை. ஸ்ப்ளிட்டும் நீலமும் சேர்ந்தால் பாதிப் பாதி. சுத்தப் பச்சையும் நீலமும் சேர்ந்தால் எல்லாம் பச்சை, ஆனால் ஒவ்வொன்றும் ஸ்ப்ளிட். நீலமும் நீலமும் சேர்ந்தால் எல்லாம் நீலம். மற்றதை நீங்களே போட்டுப் பாருங்கள், ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

கட்டம் போடத் தெரிந்தவர்களும் தடுமாறுவது அதற்கு அடுத்த இடத்தில். 1/4 என்றதும் நாலு குஞ்சில் ஒன்று கட்டாயம் நீலமாக வரும் என்று நினைக்கிறோம், மூன்று பச்சை வந்துவிட்டது, அடுத்தது நீலம்தான் என்று பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்படிக் கிடையாது. ஒவ்வொரு முட்டைக்கும் புதிதாக ஒரு குலுக்கல், முந்தைய முட்டையில் என்ன வந்தது என்று அடுத்த முட்டைக்குத் தெரியாது.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். நாலு புளியங்கொட்டை எடுத்து, தாயத்துக்குத் தேய்க்கிற மாதிரி இரண்டை மட்டும் வெள்ளை தெரியத் தேயுங்கள். ஒரு துணிப்பையில் தேய்த்தது ஒன்று, தேய்க்காதது ஒன்று, அது அப்பா. இன்னொரு பையிலும் அதே மாதிரி, அது அம்மா. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கொட்டை எடுங்கள், விரலில் சொரசொரப்பு தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்த பக்கத்தை வழவழப்பாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் விரலே பொறுக்க ஆரம்பித்துவிடும். இரண்டும் வெள்ளை என்றால் நீலக் குஞ்சு, மற்றபடி பச்சை. எழுதிக்கொண்டு கொட்டையைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்குங்கள். ஐந்து முறை எடுத்தால் ஓர் அடை. இப்படி இருபது அடை செய்து பாருங்கள். தாயக்கட்டை மாதிரி உருட்டாமல் பையில் போட்டு எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தேய்த்த கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று சொல்ல முடியாது.

ஐந்து குஞ்சு உள்ள அடையில் ஒன்றுகூட நீலம் இல்லாமல் போக வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொன்றும் பச்சையாக வர 3/4, ஐந்தும் பச்சையாக வர அதை ஐந்து முறை பெருக்க வேண்டும், 243/1024 வரும், கிட்டத்தட்ட 24 சதவீதம். சரியாக ஒரு நீலம் வர ஏறக்குறைய 40 சதவீதம், இரண்டு வர 26, மூன்றோ அதற்கு மேலோ வர 10. ஆக என் முதல் அடை ஐந்தும் பச்சையாக இருந்ததில் ஒரு விசேஷமும் இல்லை, நாலு அடையில் ஓர் அடை அப்படித்தான் போகும். ஒரு நீலக் குஞ்சாவது வரும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல எத்தனை குஞ்சு வேண்டும்? பதினொன்று. அதாவது இரண்டு மூன்று அடை பொறுத்திருக்க வேண்டும். ஓர் அடை பார்த்துவிட்டு 'ஏமாற்றிவிட்டார்கள், இது ஸ்ப்ளிட் இல்லை' என்று ஜோடியைப் பிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மெண்டல் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் 7324 பட்டாணி விதைகளை எண்ணியிருக்கிறார். 5474 உருண்டை, 1850 சுருக்கம் விழுந்தவை. வகுத்துப் பாருங்கள், 2.96-க்கு 1. ஏழாயிரத்தில்தான் 3-க்கு 1 இவ்வளவு அழகாக வரும், ஐந்து முட்டையிடம் அதைக் கேட்கக் கூடாது.

அப்புறம், கையில் இருக்கும் பச்சைப் பறவை ஸ்ப்ளிட்டா சுத்தமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்து யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். பெற்றோரைத் தெரிந்தால் கொஞ்சம் சொல்லலாம். அப்பா அம்மாவில் ஒன்று நீலம் என்றால் அந்தப் பச்சை கட்டாயம் ஸ்ப்ளிட், கேள்வியே இல்லை. பெற்றோர் இரண்டும் ஸ்ப்ளிட் என்றால், அவற்றின் பச்சைக் குஞ்சு ஸ்ப்ளிட்டாக இருக்க வாய்ப்பு 2/3. பாதி என்றுதான் பலரும் சொல்வார்கள். கட்டத்தைத் திரும்பப் பாருங்கள், குஞ்சு பச்சை என்று கண்ணால் பார்த்துவிட்டோம், அதனால் நீநீ கட்டத்தை அடித்துவிட வேண்டும், மீதி மூன்று கட்டம், அதில் இரண்டு பநீ.

உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் அந்தப் பச்சையை ஒரு நீலத்தோடு ஜோடி சேர்க்க வேண்டும். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்துவிட்டால் போதும், ஸ்ப்ளிட் என்று முடிவாகிவிட்டது. நீலம் வராமல் பச்சையாகவே வந்துகொண்டிருந்தால்தான் கணக்கு வேண்டும். இதைப் பின்னத்தில் போட்டுக் குழம்பாமல் பறவைகளாக எண்ணிப் பாருங்கள். ஸ்ப்ளிட் ஜோடிகளுக்குப் பிறந்த 48 பச்சைப் பறவைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 2/3 கணக்குப்படி 32 ஸ்ப்ளிட், 16 சுத்தம். எல்லாவற்றையும் நீலத்தோடு சேர்த்து ஆளுக்கு ஐந்து குஞ்சு எடுக்கிறோம். சுத்தமான 16-க்கும் ஐந்தும் பச்சையாகத்தான் வரும். ஸ்ப்ளிட்டுக்கு ஐந்தும் பச்சையாக வர வாய்ப்பு ஐந்து பாதிகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1/32, அதாவது 32-இல் ஒன்றே ஒன்று. ஆக ஐந்தும் பச்சை எடுத்த பறவைகள் மொத்தம் 17, அதில் ஒன்றுதான் ஸ்ப்ளிட். ஐந்து பச்சைக் குஞ்சைப் பார்த்த பிறகு உங்கள் பறவை ஸ்ப்ளிட்டாக இருக்க வாய்ப்பு 1/17, சுமார் 6 சதவீதம். மூன்று குஞ்சோடு நிறுத்தியிருந்தால் 1/5, அது போதாது. ஏழு குஞ்சு பார்த்தால் 1/65. நான் ஏழு வரை பார்ப்பேன்.

ஆனால் இந்தச் சோதனை செல்லுபடியாக வேண்டும் என்றால் அப்பா யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. பெரிய கூண்டில் ஆறு ஜோடியைச் சேர்த்து விட்டுவிட்டு ஒரு பானையில் உள்ள குஞ்சுக்கு இதுதான் அப்பா என்று சொல்லவே முடியாது, ஜோடி கட்டிய பெண்ணும் மற்ற ஆணோடு சேரும். தனிக் கூண்டு, ஒரு ஜோடி, ஒரு பானை. வேறு ஆணோடு இருந்த பெண்ணாக இருந்தால் ஒரு மாதமாவது தனியாக வைத்துவிட்டு ஜோடி சேருங்கள், முந்தைய ஆணின் விந்து பெண்ணின் உடலில் கொஞ்ச நாள் தங்கும். இரண்டு நீலப் பட்ஜிக்குப் பச்சைக் குஞ்சு வந்ததாக யாராவது காட்டினால் பெரும்பாலும் கதை இதுதான்.

இனி லுட்டினோ. இதில் கணக்கு வேறு மாதிரி போகும், கடைகளில் அதிகம் ஏமாறுகிற இடமும் இதுதான். மெலனின் தயாரிப்பை நிறுத்தும் அந்தப் பழுது, ஆண் பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது. மனிதர்களில் ஆணா பெண்ணா என்பது அப்பா கொடுப்பதில் தீர்மானமாகிறது, பறவைகளில் அது தலைகீழ், அம்மா கொடுப்பதில். ஆண் பறவைக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெண்ணுக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. லுட்டினோ மரபணு இசட்டில் மட்டும்தான். அதனால் ஆண் லுட்டினோவாக இரண்டு பழுதான பிரதி வேண்டும், பெண்ணுக்கு ஒன்றே போதும், ஏனென்றால் மூடி மறைக்க இன்னொரு இசட் அதனிடம் இல்லை. இதிலிருந்து வருகிற முக்கியமான விஷயம், ஆண் பறவை லுட்டினோவுக்கு ஸ்ப்ளிட்டாக இருக்கலாம், பெண் பறவை அப்படி இருக்கவே முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் 'லுட்டினோ ஸ்ப்ளிட் பெண்' என்று சொன்னதை நம்பி சாதாரணப் பச்சைப் பெண்ணுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தான். அப்படி ஒரு பறவை உலகத்திலேயே கிடையாது. யாராவது விற்க வந்தால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

கட்டம் அதேதான், எழுத்து மட்டும் மாறும். லுட்டினோ ஆணையும் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால் பெண் குஞ்சு எல்லாம் லுட்டினோ, ஆண் குஞ்சு எல்லாம் பச்சை ஸ்ப்ளிட். இதைத் திருப்பிப் போட்டு, பச்சை ஆணையும் லுட்டினோ பெண்ணையும் சேர்த்தால், ஆண் ஸ்ப்ளிட்டாக இல்லாத பட்சத்தில் எல்லாக் குஞ்சும் பச்சை, அதில் ஆண்கள் மட்டும் ஸ்ப்ளிட். ஸ்ப்ளிட் ஆணும் பச்சைப் பெண்ணும் என்றால் பெண் குஞ்சில் பாதி லுட்டினோ, மொத்தத்தில் 1/4. நீலத்தில் யார் அப்பா யார் அம்மா என்பது முக்கியமில்லை, இங்கே அதுதான் முக்கியம்.

இதில் முதலில் சொன்ன லுட்டினோ ஆண், பச்சைப் பெண் ஜோடியில் ஒரு அழகான பயன் இருக்கிறது. குஞ்சு பொரிந்து சில நாள் வரைக்கும் கண் திறக்காது, மூடிய தோலுக்கு அடியில் கண் ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரியும். லுட்டினோ குஞ்சுக்கு அந்த உருண்டை கறுப்பாக இல்லாமல் சிவந்து, தோல் நிறத்தோடு ஒட்டினாற்போல் தெரியும். பானையை மெதுவாகச் சாய்த்து, வெளிச்சத்தை நேராகக் குஞ்சின் மேல் அடிக்காமல் பானைச் சுவரில் அடித்துப் பாருங்கள். லுட்டினோ ஆண், பச்சைப் பெண் ஜோடியின் குஞ்சு என்றால் சிவப்புக் கண் பெண், கறுப்புக் கண் ஆண், முடிந்தது. மூக்குத் தோல் ஆணுக்குரிய நீலமாகிறதா, பெண்ணுக்குரிய பழுப்பாகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. இறகு முளைக்காத, கட்டைவிரல் அளவு குஞ்சை ஆணா பெண்ணா என்று சொல்ல முடிகிற அந்த நிமிஷம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

இரண்டு பண்பும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? பதினாறு கட்டம் போட வேண்டாம், தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பெருக்குங்கள். நீலத்துக்கும் ஸ்ப்ளிட், லுட்டினோவுக்கும் ஸ்ப்ளிட்டான பச்சை ஆண் ஒன்று, சாதாரண நீலப் பெண் ஒன்று. மஞ்சள் நிறமி இல்லாமல் போக வாய்ப்பு 1/2. மெலனின் இல்லாமல் போக 1/4, அதுவும் பெண்ணுக்கு மட்டும். இரண்டும் சேர்ந்து அல்பினோ வர 1/8, எல்லாம் பெண். லுட்டினோ 1/8, நீலம் 3/8, பச்சை 3/8. கூட்டினால் ஒன்று வருகிறதா என்று எப்போதும் சரிபாருங்கள், வரவில்லை என்றால் எங்கோ ஒரு வகை விட்டுப்போயிருக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை, வெள்ளையாக இருப்பதெல்லாம் அல்பினோ இல்லை, கண் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேங்கிள் என்ற வேறொரு மரபணு நீலப் பறவையில் இரண்டு பிரதியாகச் சேர்ந்தால் வெள்ளைப் பறவை வரும், அதற்குக் கண் கறுப்பு, கணக்கும் வேறு.

இப்படிப் பெருக்கலாம் என்பது இரண்டு மரபணுவும் வேறு வேறு குரோமோசோமில் இருந்தால்தான். கரும்பச்சை, ஆலிவ், கோபால்ட் நிறங்களைக் கொடுக்கும் 'டார்க்' மரபணு நீல மரபணு இருக்கும் அதே குரோமோசோமில் இருக்கிறது, பெரும்பாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும், அங்கே பெருக்கினால் தப்பாகும். டார்க்கில் ஓங்குவதும் ஒடுங்குவதும் முழுமையாக இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு பிரதி இருந்தால் கரும்பச்சை, இரண்டு இருந்தால் ஆலிவ், ஒன்றும் இல்லாவிட்டால் வெளிர்பச்சை. இரண்டு கரும்பச்சையைச் சேர்த்தால் 1-க்கு 2-க்கு 1 என்று மூன்று நிறமும் வரும், இங்கே ஒளிந்திருப்பது என்று எதுவும் இல்லை. முகம் மட்டும் மஞ்சளாக இருக்கும் எல்லோ ஃபேஸ் வகை ஒரு தனிக் கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீலம் வேண்டும், அல்பினோ வேண்டும் என்ற ஆசையில் ஒரே பானையில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்க்கிறார்கள். நிறத்தைக் கொண்டுவரும் அதே கணக்குதான் நோயையும் கொண்டுவரும். அப்பா பறவையிடம் கெட்ட ஒடுங்கு மரபணு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள், அது நன்றாகத்தான் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அண்ணனுக்கு அது போக 1/2, தங்கைக்குப் போக 1/2, இருவரிடமும் இருக்க 1/4. இருவரிடமும் இருந்தால் அவர்கள் குஞ்சுக்கு இரண்டு பிரதியும் சேர 1/4. பெருக்கினால் 1/16. ஒரு மரபணுவுக்கே இவ்வளவு, ஒளிந்திருப்பது ஒன்றுதான் என்று யார் சொன்னது? முட்டைக்குள்ளேயே செத்துப்போகிற குஞ்சுகள், இறகு சரியாக முளைக்காதவை எல்லாம் இப்படியும் வரும். ஒரு வருஷம் தாமதமானாலும் வெளியிலிருந்து ஒரு பறவை வாங்கிச் சேருங்கள்.

அதற்குத்தான் நோட்டு. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பக்கம், மேலே அப்பா அம்மாவின் வளையம் எண், அவற்றின் எழுத்து, தெரியாத இடத்தில் 'ப' போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு. முட்டை ஒன்று விட்டு ஒரு நாள் வரும், 18 நாளில் பொரியும், பொரிந்த தேதியையும் கண் நிறத்தையும் அன்றன்றே எழுதுங்கள், ஏழெட்டு நாளில் குஞ்சின் காலில் வளையம் போட்டுவிடுங்கள், கொஞ்சம் தாமதித்தால் மூடிய வளையம் ஏறாது. என் நோட்டில் முதல் பச்சை ஜோடியின் பக்கத்தில் ஒன்பது மாதம் அந்த இடம் வெறுமனே இருந்தது. நீலக் குஞ்சின் கணக்கு புரிந்த அன்று சாயங்காலம் இரண்டு பறவைக்கும் 'பநீ' என்று எழுதினேன்.